கருவி பெரிதா, காரியம் பெரிதா?



இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதும் பெற்றோர் பலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "மகன் கணினிக்கு நிரல் எழுதப் படிக்கப் போகிறானாம். படித்து முடித்ததும் சிங்கப்பூரில் வேலை தேடுவானாம். ஒரு பயிற்சி நிலையம் இந்த மொழியைப் படி என்கிறது. இன்னொன்று அது பழையதாகிவிட்டது, எங்களிடம் வந்து இதைப் படி என்கிறது. இரண்டு இடத்திலும் கட்டணம் ஆயிரக்கணக்கில் வருகிறது. யாரை நம்புவது, ஐயா?"

நியாயமான கேள்விதான். தோட்டச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் அது. பணமாவது போனால் மறுபடி சம்பாதித்துக் கொள்ளலாம். பிள்ளையின் வயதில் இரண்டு மூன்று ஆண்டுகள் வீணானால் அவற்றை யார் திருப்பித் தருவார்? ஆகவே இம்முறை இதைப் பற்றியே பேசுவோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செம்பனையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் விடை பாதி தெரியும். மரம் இளையதாக, குலை தாழ்வாக இருக்கும்போது உளியால் குத்தி அறுக்கிறோம். மரம் உயர்ந்துவிட்டால் நீண்ட கம்பத்தின் நுனியில் அரிவாளைப் பூட்டிக் கொள்கிறோம். உளி சிறந்ததா, அரிவாள் சிறந்ததா என்று யாரும் வாதாடுவதில்லை. மரத்தை அண்ணாந்து பார்த்த பிறகே கருவியை எடுக்கிறோம். கணினி உலகிலும் மரத்தைப் பார்க்காமல் கருவியை விற்பவர்கள்தாம் அதிகம்.

இரண்டு வகை மரங்கள்

தீபாவளிக்குச் சாமான் வாங்கத் தேக்காவுக்குப் போயிருப்பீர்கள். அங்குள்ள லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் இரண்டு தடங்கள் சந்திக்கின்றன. 2003ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வடகிழக்குத் தடம் ஒன்று. 2015ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு வந்து சேர்ந்த டௌன்டவுன் தடம் மற்றொன்று. இரண்டிலும் ரயிலை ஓட்டுவதற்கு ஓட்டுநர் கிடையாது. வேகம் கூட்டுவது, நிறுத்துவது, கதவு திறப்பது எல்லாம் கணினிகள் பார்த்துக் கொள்கிற வேலை.

இப்படி ஓர் இயந்திரத்தின் உள்ளேயே உட்கார்ந்து, ஒரே வேலையை இரவு பகலாகச் செய்யும் கணினியை உட்பொதி கணினி என்பார்கள். பயண அட்டையைத் தொட்டவுடன் திறக்கும் நுழைவாயில், அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கி, நம் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் ஆகிய எல்லாவற்றிலும் இந்த வகைக் கணினி உண்டு.

மேசைக் கணினி வேறு வகை. கடைக்காரர் கணக்கு எழுதுவதும், ஆசிரியர் வினாத்தாள் தட்டச்சு செய்வதும் அதில்தான். மேசைக் கணினியில் ஒரு செயலி நின்றுபோனால் மூடிவிட்டு மறுபடி திறக்கிறோம். ஓடும் ரயிலில் அப்படிச் செய்ய முடியுமா? ஆகவே இரண்டுக்கும் நிரல் எழுதும் முறையும் வேறு, கருவியும் வேறு.

அளவிலும் பெரிய வேற்றுமை உண்டு. மாணவர்கள் பயிலும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு பலகையில் வேலை நினைவகம் 2 கிலோபைட்டு மட்டுமே. சாதாரண மடிக்கணினி ஒன்றில் 8 கிகாபைட்டு இருந்தால், அது 40 லட்சம் மடங்குக்கும் அதிகம். தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறிக்கும் இன்றைய பொது முறையில் 3 பைட்டு வேண்டும். "வணக்கம்" என்ற சொல்லில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறிகள். ஆக 21 பைட்டு. மடிக்கணினிக்கு இது தூசு. 2 கிலோபைட்டில் குடித்தனம் நடத்தும் பலகைக்கோ ஒவ்வொரு பைட்டும் அரிசி மணி போல. அதனால்தான் அங்கே சி, சி++ போன்ற சிக்கனமான மொழிகள் இன்னும் அரசாளுகின்றன. அவற்றைப் பழையவை என்று ஒருவர் ஒதுக்கினால், அவர் எந்த மரத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்று கேளுங்கள்.

சட்டகம் என்றால் என்ன?

சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் சுவர்களையும், சில கட்டடங்களில் குளியலறைகளையும்கூடத் தொழிற்சாலையிலேயே வார்த்து, கொண்டுவந்து பொருத்துகிறார்கள். வேலை விரைவில் முடிகிறது. ஆனால் குளியலறையை நான்கு அடி தள்ளி வைக்க வேண்டுமென்று பிறகு ஆசைப்பட்டால் முடியாது.

நிரல் எழுதுவோருக்கும் இப்படி வார்த்துவைத்த துண்டுகள் கிடைக்கின்றன. பொத்தான், பட்டியல், எழுதும் பெட்டி, சாளரம் எல்லாம் அதில் தயாராக இருக்கும். இந்தத் தொகுப்பைத்தான் சட்டகம் என்கிறார்கள். நார்வேயில் பிறந்த க்யூட்டி என்ற சட்டகம் மேசைக் கணினியிலும், கார்களின் முகப்புத் திரை போன்ற உட்பொதி இடங்களிலும் ஓடும். எலக்ட்ரான் என்பது 2013ஆம் ஆண்டில் வந்தது. வலைப்பக்கம் எழுதத் தெரிந்தவர் அதைக் கொண்டு மேசைச் செயலி செய்துவிடலாம். ஆனால் அது ஒரு முழு வலை உலாவியையே முதுகில் சுமந்து வருவதால் நினைவகத்தை அதிகம் உண்ணும். புதிய கணினிக்கு அது பொருட்டல்ல. நம் பிள்ளைகள் வாங்கும் பழைய கணினியோ மூச்சு வாங்கும்.

விரைவு, எடை, மாற்றிக் கொள்ளும் உரிமை என்ற மூன்றும் ஒருசேரக் கிடைப்பது அரிது. எது இல்லாவிட்டால் நம் காரியம் கெடும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

தமிழ் பட்ட பாடு

கருவியைத் தேர்வதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மொழியின் கதையே சாட்சி. அதில் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு.

1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இணையத்தில் ஏற்றினார்கள். அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். அதில் தமிழும் இடம்பெறப் பாடுபட்டவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வாளர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். அன்றைய உலாவிகளுக்குத் தமிழ் என்றால் என்னவென்றே தெரியாது. எழுத்துரு, விசைப்பலகை எல்லாவற்றையும் தாமே செய்துகொள்ள வேண்டிய நிலை.

அதே காலத்தில் சென்னை, யாழ்ப்பாணம், கோலாலம்பூர், ஐரோப்பா என்று ஆங்காங்கே பலரும் தத்தம் எழுத்துருக்களைச் செய்தார்கள். எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் எழுத்துகளை அவரவர் விருப்பப்படி உட்கார வைத்தார்கள். ஒருவர் "க"வை வைத்த இடத்தில் மற்றொருவர் "லீ"யை வைத்திருப்பார். விளைவு என்ன? ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த கிறுக்கல்தான் தெரியும். இரவெல்லாம் விழித்துத் தட்டச்சு செய்த கதைகளும், கோயில் மலர்களும், பள்ளி வினாத்தாள்களும் அந்தக் கணினியோடு முடங்கின.

இதைத் தீர்க்க 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய மாநாட்டிலிருந்து தமிழ்99 விசைப்பலகை வந்தது. அதே ஆண்டு மே மாதம் நா. கோவிந்தசாமி காலமானார். 2000ஆம் ஆண்டில் மறுபடி சிங்கப்பூரில் கூடியபோது உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் என்ற ஒருங்குறியில் தமிழுக்குத் தனி இடம் 1991ஆம் ஆண்டிலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. கணினிகள் அதைப் புரிந்துகொள்ளத் தொடங்கிய பிறகுதான் நிலைமை சீரடைந்தது. இன்று பேத்தி அனுப்பும் தமிழ்க் குறுஞ்செய்தி பாட்டியின் கைப்பேசியில் அப்படியே தெரிகிறதென்றால் அந்தப் பொது முறையே காரணம்.

கருவி மாறியது, கல்வி மாறவில்லை

நம் நாட்டவரான முத்து நெடுமாறனை அறிவீர்கள். ஆசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மகன். 1985ஆம் ஆண்டில் அவர் முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்த டாஸ் காலம் அது. பிறகு விண்டோஸ் வந்தது. அதற்கு ஏற்ப முரசு அஞ்சல் வந்தது.

அடுத்து கைப்பேசி. 2005ஆம் ஆண்டு பொங்கலன்று, சிங்கப்பூரின் ஒலி 96.8 வானொலியின் துணையோடு, செல்லினம் என்ற செயலி வெளியானது. தமிழே தெரியாத கைப்பேசிகளில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுத அது வழி செய்தது. அன்றைய கைப்பேசி ஏறக்குறைய உட்பொதி கணினி மாதிரிதான். நினைவகம் சிறிது, திரை சிறிது, ஒன்பது பத்து விசைகளே உண்டு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலமென்றால் 160 எழுத்து போகும். ஒருங்குறியில் எழுதினால் 70 குறிகள்தாம். இவ்வளவு நெருக்கடிக்குள் அவர் தேர்ந்த கருவி ஜாவா. பல நிறுவனங்களின் கைப்பேசிகளிலும் அன்று ஜாவா செயலிகள் ஓடின என்பதை நினைத்தால் அந்தத் தேர்வின் பொருத்தம் விளங்கும். மரத்தின் உயரத்தைப் பார்த்து எடுத்த கருவி அது.

அந்த வகைக் கைப்பேசிகள் மறைந்தன. ஐபோன் வந்தது, ஆண்டிராய்டு வந்தது. செல்லினம் அவற்றுக்கும் மாறிக் கொண்டது. இத்தனை முறை கருவி மாறியும் மாறாத ஒன்று உண்டு. தமிழ் எழுத்துகள் எப்படிச் சேர்ந்து உருமாறுகின்றன, தமிழர் எப்படித் தட்டச்சு செய்ய விரும்புகிறார்கள் என்ற அறிவுதான் அது. அந்த அறிவு இருந்தவருக்குப் புதிய கருவி சில மாத உழைப்பு. கருவியை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கோ அடிப்படையே ஆட்டம் காணும்.

கருவிகள் சாகும் என்பதை மறந்துவிடலாகாது. 1998ஆம் ஆண்டில் வந்த விஷுவல் பேசிக் 6 ஒரு காலத்தில் எல்லாப் பயிற்சி நிலையங்களின் வாசலிலும் தொங்கிய பெயர். 2008ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் அதற்கான ஆதரவை நிறுத்தியது. ஃபிளாஷ் 2020ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தது. பைதான் மொழியின் இரண்டாம் பதிப்பும் அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றது.

கட்டணம் கட்டும் முன்

பயிற்சி நிலையத்தின் வாசலில் நிற்கும்போது இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். ஆங்கிலம் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். பணம் நம்முடையது.

1. இதைப் படித்துப் பிள்ளை எதைச் செய்வான்? மேசைச் செயலியா, கைப்பேசிச் செயலியா, இயந்திரத்துக்குள் ஓடும் நிரலா? "எல்லாமே" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

2. கருவி இலவசமா? இலவசமென்றால் எந்த நிபந்தனையில்? க்யூட்டியில் திறந்த மூல உரிமமும் உண்டு, பணம் கட்டும் உரிமமும் உண்டு. படிக்கும்போது இலவசமாக இருப்பது, விற்பனைப் பொருளாகும்போது கட்டணம் கேட்கலாம்.

3. இதைக் கவனித்து வளர்ப்பவர் யார்? ஒரே நிறுவனமா, உலகெங்கும் உள்ள பலரா? கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்?

4. இதில் சேர்த்துவைக்கும் விவரங்களை நாளை வேறு கருவிக்கு எடுத்துச் செல்ல முடியுமா? தமிழ் எழுத்துருக்களின் கதை கற்றுத் தந்த கேள்வி இது.

5. தமிழ் எழுத்து இதில் உடையாமல் தெரியுமா? "கொ", "ஸ்ரீ" இரண்டையும் தட்டச்சு செய்து காட்டச் சொல்லுங்கள்.

தொடக்கத்துக்குப் பெரிய பணம் தேவையில்லை. சிங்கப்பூரில் 'கோட் ஃபார் ஃபன்' என்ற திட்டம் 2014ஆம் ஆண்டில் தொடங்கி, 2020 முதல் தொடக்கப்பள்ளி மேல்வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிந்தது. மைக்ரோபிட் என்ற உள்ளங்கையளவுப் பலகையும் அங்குப் பள்ளிகளுக்குப் போனது. அதில் உள்ள விளக்குகள் 25தான். அந்த 25 விளக்குகளுக்குள் "அ" என்ற எழுத்தை வரைந்து காட்டு என்று பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். இடம் போதாமல் திணறுவான். சிறிய இடத்தில் எதை வைப்பது, எதை விடுவது என்று அப்போது யோசிக்கிறானே, அதுதான் உட்பொதி நிரலின் முதல் பாடம்.

மேசைக் கணினிக்குப் பைதான் மொழியும் அதனோடு சேர்ந்தே வரும் டிகின்டர் என்ற சட்டகமும் போதும். இரண்டும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். வீட்டுச் செலவுக் கணக்கு எழுத ஒரு சிறு செயலி செய்து, அம்மாவிடம் கொடுத்து ஒரு மாதம் பயன்படுத்தச் சொல்லட்டும். அம்மா சொல்லும் குறைகளைத் திருத்தட்டும். ஒரு காரியத்தை முழுதாக முடித்த பிள்ளைக்கு அடுத்த கருவி எது என்று தானே தெரியவரும். அதன் பிறகு கட்டணம் கட்டுவது பற்றி யோசிக்கலாம்.

பெற்றோரே, பிள்ளையிடம் "என்ன மொழி படிக்கிறாய்?" என்று கேட்பதை விட்டு, "என்ன செய்து முடித்தாய், காட்டு" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க நமக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.