கறப்பவர் ஒருவர், காப்பவர் எவர்?

வெனிசுவேலா நாட்டின் மேற்கிலே, ஏறத்தாழ 13,000 சதுர கிலோமீற்றர் பரந்து கிடக்கிறது மரக்கைபோ ஏரி. 1499 ஆம் ஆண்டில் அப்பக்கம் வந்த ஐரோப்பியர், நீரின்மேல் மரக்கால் நாட்டி வீடமைத்து வாழ்ந்த மக்களைக் கண்டு வெனிஸ் நகரை நினைந்தனர் என்றும், நாட்டின் பெயரே அதனாற் பிறந்ததென்றும் கூறுவர். பெயர் தந்த ஏரி பின்னர் பெருஞ்செல்வமும் தந்தது. 1914 இல் அதன் கீழைக்கரைப் பகுதியில் எண்ணெய் ஊறிற்று. 1922 இல் கபிமாஸ் ஊரின் கிணறொன்று ஒன்பது நாட்கள் ஓயாது எண்ணெயைப் பீறிட்டது. அன்று தொட்டு நூறாண்டுகளாக ஏரியைக் கறந்தனர். பசுவுக்குப் புல் வைத்தவர் எவர்?

இன்று அதன் நிலை என்ன? கப்பல்கள் நுழைவதற்காக 1956 இல் முடிக்கப்பட்ட ஆழ்கால்வாய் கடலுப்பை உள்ளே கொணர்ந்தது. ஏரியடியிற் பின்னிக் கிடக்கும் பழங்குழாய்கள் அரித்து எண்ணெயைக் கசியவிடுகின்றன. நகரங்களின் கழிவுநீரும் வயல்களின் உரமும் வந்து கலக்கின்றன. 2004 இல் நீர்ப்பூண்டு ஏரியின் பெரும்பரப்பை மூடியது. 2023 இல் படர்ந்த நச்சுப்பாசி, விண்வெளியிலிருந்து எடுத்த படங்களிலும் பச்சையாய்த் தெரிந்தது. மீன் தேடி வலை வீசுபவன், எண்ணெய் அப்பிய வலையை இழுக்கின்றான்.

இதற்கு யார் பொறுப்பு? ஏரியைச் சூழ்ந்த சூலியா மாநிலத்தார் தம் ஆளுநரைத் தாமே தெரிவுசெய்யும் உரிமையை 1989 இற் பெற்றனர். 1999 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, நாட்டைச் சமஷ்டி நாடென்றே கூறுகிறது. ஆயின் எண்ணெயும் சுரங்கமும் மத்திய அரசின் கையில். 1981 இல் அமைத்த ஏரிப் பாதுகாப்பு நிறுவகமும் மத்திய அமைச்சின் கீழ். 2009 இல் துறைமுகமும் விமான நிலையமும் மாநிலத்தின் கையைவிட்டுப் போயின. 2017 இல் மக்கள் தெரிந்த ஆளுநர் குவானிப்பா, கராக்கசின் அரசியல் நிர்ணய சபைமுன் சத்தியம் செய்ய மறுத்தமையாற் பதவியிழந்தார். பெயரிலே சமஷ்டி, பெட்டிச் சாவியோ தலைநகரிலே!

2023 இல் அன்றைய ஜனாதிபதி மதுரோ ஏரியை மீட்கும் திட்டமொன்றை அறிவித்தார். அப்பொழுது மாநில ஆளுநர் எதிர்க்கட்சியினர். 2025 மே மாதத் தேர்தலில் அப்பதவியும் மதுரோவின் கட்சிவசமாயிற்று. கட்சிகள் மாறலாம். பாசிக்குக் கட்சி ஏது?

ஏரிக்கு நீர் கொணரும் பெரிய ஆறாகிய கற்றதும்போ கொலம்பியாவிலிருந்து வருவதால், மத்திய அரசே இதனைக் கவனித்தல் தகுமென்பர் சிலர். அயல்நாட்டோடு பேசுவதற்கு மத்திய அரசு வேண்டியதே, நாம் மறுக்கவில்லை. ஆனால் கரையூரின் சாக்கடையைத் திருத்தவும் கராக்கசின் கையொப்பத்துக்குக் காத்திருக்க வேண்டுமா? குழாயை அடைப்பது எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் கடன். கழிவுநீரைத் தூய்மையாக்குவது கரையூர்ச் சபைகளின் கடன். எண்ணெய் வருவாயில் ஒரு பங்கைச் சட்டப்படி ஏரிக்கென ஒதுக்கி, கரைமக்கள் தெரியும் சபையிடம் ஒப்படைப்பதே நேர்வழி. அச்சபை தவறினால், அதனை வீட்டுக்கு அனுப்பும் உரிமையும் அம்மக்களுக்கே உண்டு.

அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பழியை மட்டும் பகிர்ந்தளிப்பது சமஷ்டியாகாது. கறக்கும் கைக்கே காக்கும் கடனும் உண்டு. இதனை ஆள்வோர் உணரும்வரை மரக்கைபோ மீனவனின் வலை கறுத்தே கரையேறும்.