சுவர்ப் பத்திரிகைக்குக் கிழமை குறிப்போம்!

நம் சுவர்ப் பத்திரிகை எந்தக் கிழமைகளில் வரவேண்டும்? "தினமும் ஒட்டலாம்பா" என்கிறார் ஒரு நண்பர். "மேட்டர் கிடைக்கும்போது ஒட்டினா போச்சு" என்கிறார் இன்னொருவர். இரண்டுமே சரிப்படாது என்பது என் கருத்து.

1990-களில் 'தினமலர்' நாளிதழோடு வெள்ளிக்கிழமை சிறுவர்மலர் வரும், ஞாயிறு வாரமலர் வரும். அதற்காகவே பேப்பர்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்! கிழமை தவறாததால்தான் அந்தக் காத்திருப்பு.

நமக்குத் தோதான நாள் எது? திங்கள் வேண்டாம், எல்லோரும் ரெக்கார்டு நோட்டோடு அல்லாடும் நாள். வெள்ளியும் வேண்டாம், மத்தியானத்திலேயே ஹாஸ்டல்காரர்களின் மனசு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடும். செவ்வாயும் வியாழனும் போதும். செவ்வாயன்று அப்ரண்டிஸ், வேலைவாய்ப்புச் செய்திகள். வியாழனன்று கதை, கவிதை, கார்ட்டூன். கடைசித் தேதி போனபின் ஒட்டும் அப்ரண்டிஸ் அறிவிப்பால் யாருக்கு என்ன லாபம்? அப்பா கடன் வாங்கிப் படிக்க வைக்கும் பிள்ளைக்கு அது ஒரு வருஷ நஷ்டம்!

பிராக்டிகல் சமயத்தில் எழுத ஆள் கிடைக்காதுதான். அப்போது ஒரு நாளாகக் குறைத்துக்கொள்வோம், அதையும் முன்கூட்டியே போர்டில் எழுதிவிட்டு. முதலாண்டுத் தம்பி தங்கைகள் இரண்டு தடவை வந்து ஏமாந்தால் மூன்றாம் தடவை திரும்பிப் பார்ப்பார்களா? கொஞ்சமாகப் போடுவோம், சொன்ன நாளில் போடுவோம்!