டேவிட் லூரிக்கு ஒரு வக்காலத்து நாமா

ஜே. எம். கூட்ஸியின் 'டிஸ்கிரேஸ்' (1999) நாவலை நம் எழுத்தாள நண்பர்கள் சிலர் திடீரென்று கையில் எடுத்திருக்கிறார்கள். படிப்பதற்காக அல்ல, வீசுவதற்காக. எழுத்தாளன் ஒருவன் மேல் ஒரு பெண் குற்றம் சொல்லி, அவனைக் கூட்டங்களுக்கு அழைப்பது நின்றுபோனால் போதும், டேவிட் லூரி சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டுவிடுகிறான். விசாரணைக் கமிட்டி முன் பணிய மறுத்த வீரனாம்.

இவர்கள் படித்தது எந்த நாவல் என்று எனக்குத் தெரியவில்லை.

கேப் டவுன் பேராசிரியன் லூரி, தன் மாணவி மெலனி ஐசக்ஸுடன் உறவு கொள்கிறான். புகார் வருகிறது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், பச்சாதாபத்தைக் காட்டமாட்டேன் என்கிறான். உண்மை ஆணையம் 1996ல் விசாரணைகளைத் தொடங்கியிருந்த தேசத்தில் இதற்குள்ள கனம் வேறு. கமிட்டி அபத்தமானதுதான். (வங்கியில் மெமோவுக்குப் பதில் எழுதுகிறவனுக்குத் தெரியும், வருத்தத்துக்கென்று ஒரு வாசக அமைப்பு உண்டு, மனசுக்கு அதில் வேலையில்லை.)

ஆனால் நண்பர்கள் தாண்டிப்போகும் விவரம் ஒன்று. மெலனியின் வாக்குமூலத்தை லூரி படிக்கவே இல்லை. படிக்காமலே ஏற்றுக்கொள்கிறான். பெருந்தன்மை மாதிரி இருக்கிறது. நாவல் முழுக்க அவன் பிரக்ஞைக்குள்ளேயே நடப்பதால் வாசகனுக்கும் அது கிடைப்பதில்லை. அவள் விரும்பவில்லை என்று அவன் மனமே சொல்கிறது; சொல்லிவிட்டு, பலாத்காரம் என்ற வார்த்தை வரை போகாமல் நழுவுகிறது. அந்த நழுவலைத்தான் கூட்ஸி நம் முன் வைக்கிறார். நண்பர்கள் கூடவே நழுவுகிறார்கள்.

பிறகு, ஈஸ்டர்ன் கேப் பண்ணையில் மகள் லூசி பலாத்காரத்துக்கு ஆளாகிறாள். போலீஸிடம் திருட்டைச் சொல்கிறாள், இதைச் சொல்ல மறுக்கிறாள். தன் சொந்த விஷயம் என்கிறாள். தன் அந்தரங்கத்தைக் கமிட்டிக்குத் திறக்க மறுத்த அதே லூரி, அவளைச் சொல், சொல் என்று நச்சரிக்கிறான். வீரனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கங்களை ஏன் தொடுவதில்லை?

2000ல் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ், ஊடக இனவாதம் பற்றிய மனித உரிமை ஆணைய விசாரணையில், கறுப்பர்களை வெள்ளையர் பார்க்கும் விதத்துக்குச் சான்றாக இந்நாவலைக் காட்டியது. பாத்திரத்தின் பார்வையை ஒரு ஜனத்தொகுதியின் வாக்குமூலமாக்கிய அரசியல் வாசிப்பு என்று நம்மவர்கள் சிரிப்பார்கள். லூரியின் வாதத்தைக் கூட்ஸியின் வாதமாக்குகிறவர்களுக்குச் சிரிக்க என்ன யோக்யதை?

கடைசியில் லூரி, ஜார்ஜ் நகரில் மெலனியின் வீட்டுக்கே போய், அவள் தாய்க்கும் தங்கைக்கும் முன்னால் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைக்கிறான். எந்தக் கமிட்டியும் கேட்கவில்லை. எழும்போது அந்தச் சின்னப் பெண்ணின் கண்களைச் சந்திக்கிறான், மறுபடி இச்சை ஓடுகிறது. வக்காலத்து நாமாவில் இதை எந்த ஷரத்தில் சேர்ப்பார்கள்?