குடும்ப நலம்: பல் கூச்சத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

சித்திரை வெயில் காவிரிக் கரைகளைக் காய்ச்சியெடுக்கும் நாட்களில் பானைத் தண்ணீரும் நீர்மோரும் தரும் இன்பத்திற்கு ஈடு ஏது? காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் உண்டு வயலுக்குச் செல்லும் பழக்கம் தஞ்சைத் தரணியில் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆயினும், இந்த எளிய இன்பங்களைக்கூட வாய்விட்டுச் சொல்லாமலேயே துறந்துவிட்டவர்கள் நம் இல்லங்களில் பலர் இருக்கின்றனர்.

சென்ற கோடையில், திருவையாற்றுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்றின் புதுநன்மை விருந்துக்குச் சென்றிருந்தோம். உணவுக்குப் பின் எல்லோருக்கும் குளிர்ந்த நன்னாரி சர்பத் வந்தது. வீட்டின் மூத்தவரான பாட்டியம்மா மட்டும், "எனக்கு வெந்நீர் போதும்" என்றார். காரணம் வினவினோம். "பல் கூசுகிறது, தம்பி. வயதானால் கூசத்தானே செய்யும்? மூன்று வருடமாக மோர்கூடக் குடிப்பதில்லை. ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டேன்" என்றார். பக்கத்தில் நின்ற மகன் திகைத்துப்போனார். "ஒரு நாளும் சொல்லவில்லையே, அம்மா!" என்றார்.

மறுவாரமே அவர் தாயைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். பெரும்பாலான பற்களின் கூச்சம் சில வாரங்களில் தணிந்தது. ஆனால் இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றை மட்டும் பிடுங்க நேர்ந்தது. அங்கே இருந்தது வெறும் கூச்சமன்று. ஆழமாக இறங்கிவிட்ட சொத்தை. ஓராண்டு முன்னரே வந்திருந்தால் அந்தப் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் மருத்துவர்.

பாட்டியம்மாவுக்கு எல்லாம் ஒரே கூச்சமாகத் தோன்றியது. உண்மையில் அது இருவேறு கோளாறுகளின் குரல். அவற்றைப் பிரித்தறிவது எப்படி என்பதையே இத்திங்கள் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பல் ஏன் கூசுகிறது?

பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதற்கு உணர்ச்சி கிடையாது. அதனடியில் டென்டின் எனப்படும் மஞ்சள் நிறப் பகுதி உள்ளது. அதில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பிலேயே கண்ணுக்குப் புலப்படாத பல்லாயிரம் நுண்குழாய்கள் இருக்கின்றன. அவற்றினுள்ளே நீர் நிறைந்திருக்கிறது. உட்புறத்தில் நரம்பு காத்திருக்கிறது. எனாமல் தேய்ந்தாலோ, ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளிப்பட்டாலோ, இக்குழாய்களின் வாய் திறந்துவிடும். குளிர்ச்சி பட்டதும், மதகைத் தூக்கியவுடன் வாய்க்கால் நீர் அசைவதுபோல, உள்ளிருக்கும் நீர் விரைந்து அசைகிறது. அந்த அசைவே நரம்பைத் தாக்கிச் சுரீரென்ற வலியாகிறது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் 1960-களில் நிலைநாட்டிய இவ்விளக்கத்தையே மருத்துவ உலகம் இன்றும் பெரிதும் ஏற்கிறது.

நம் கையாலேயே வரும் கேடு

எனாமல் தேய்வதற்கும் ஈறு இறங்குவதற்கும் பெரும்பாலும் நாமே காரணமாகிறோம். செங்கற்பொடி, கரித்தூள், சாம்பல், கல்லுப்பு ஆகியவற்றால் அழுத்தித் தேய்ப்பது பாத்திரம் துலக்குவதற்குப் பொருந்தலாம், பல்லுக்குப் பொருந்தாது. முரட்டுப் பிரஷ்ஷால் குறுக்கே இழுத்துத் தேய்ப்பதும் அவ்வாறே. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்று நம் முன்னோர் கூறியதில் பிழையில்லை. ஆனால் நுனியை நன்றாக மென்று மென்மையாக்காமல் ஈற்றின்மேல் உரசினால் குச்சியும் தீங்கே செய்யும். புகையிலை கலந்த பற்பொடியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை நம் அரசு 1992-இலேயே தடை செய்துவிட்டது.

தாம்பூலத்தைப் பற்றியும் ஒரு சொல். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமையே. ஆனால் அதனோடு சேரும் பாக்கு, நாளெல்லாம் மெல்லுபவர்களின் பற்களை அரைத்துத் தேய்த்துவிடுகிறது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியான தன் நூலில் அறிவித்துள்ளது.

எலுமிச்சை, புளி, மாவடு, சோடா போன்ற புளிப்புகளும் அடிக்கடி வாயில் பட்டால் எனாமலை இளக்கும். இவற்றை உண்டவுடன் பல் துலக்குவது நல்லதென்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. இளகிய எனாமலைத் தேய்த்தே போக்கிவிடுவோம். தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, அரைமணி நேரமாவது பொறுத்துத் துலக்குவதே முறை.

வீட்டில் செய்யத் தக்கவை

மென்மையான பிரஷ்ஷை வாங்குங்கள். அதனைப் பேனாவைப் பிடிப்பதுபோல விரல்களால் பிடித்து, சிறு வட்டங்களாக, காலையும் இரவும் துலக்குங்கள். பட்டாணி அளவு புளோரைடு பற்பசை போதும். கூச்சத்திற்கென்றே பொட்டாசியம் நைட்ரேட் சேர்ந்த பற்பசைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. இவை நரம்பின் பதற்றத்தைச் சிறிது சிறிதாகவே அடக்கும். எனவே இரண்டு நாள் தேய்த்துப் பார்த்துப் பயனில்லையென்று கைவிடாமல், இரண்டு முதல் நான்கு வாரங்கள் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். நீர் விட்டுப் பலமுறை கொப்பளித்தால் மருந்து முழுவதும் போய்விடும். கிராம்புத் தைலம் வலியைச் சற்று மறக்கச் செய்யுமேயன்றி, நோயைத் தீர்க்காது. ஈற்றில் அப்படியே தடவினால் எரித்துப் புண்ணாக்கவும் கூடும்.

எப்போது காத்திருக்கலாகாது?

குளிர்ச்சி பட்டதும் தோன்றி, அது நீங்கியதும் சில நொடிகளில் மறையும் வலி பெரும்பாலும் வெறும் கூச்சமே. மேற்கூறிய முறைகளால் அது தணியும். நான்கு வாரத்தில் தணியாவிட்டால் மருத்துவரை அணுகுங்கள். தேய்ந்த பள்ளங்களை அடைக்கவும், புளோரைடு பூச்சு இடவும் அவரால் இயலும்.

ஆனால் ஒரே ஒரு பல்லில் மட்டும் வலித்தாலும், குளிர்ச்சி நீங்கிய பின்னும் வலி நிமிடக்கணக்கில் நின்றாலும், சூடு பட்டாலும் கடித்தாலும் வலித்தாலும், காரணமின்றி இரவில் எழுப்பினாலும், வீக்கம் கண்டாலும் ஒரு வாரம்கூடத் தாமதிக்கலாகாது. அது சொத்தையாகவோ, பல்லில் விழுந்த விரிசலாகவோ, உள்நரம்பின் அழற்சியாகவோ இருக்கலாம். தொடக்கத்தில் சென்றால் பல் நிலைக்கும். செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் அருகிலேயே உள்ளது. சிதம்பரம் அண்ணாமலைநகரில் 1980-இல் தொடங்கப்பெற்று இப்போது அரசின் கீழ் இயங்கும் பல் மருத்துவக் கல்லூரியும், 2023-இல் புதுக்கோட்டையில் திறக்கப்பெற்ற அரசு பல் மருத்துவக் கல்லூரியும் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை.

கி.பி. 249-இல் அலெக்சாந்திரியா நகரில் பற்கள் உடைக்கப்பட்டு மறைசாட்சியாக மரித்த புனித அப்பொலோனியாவைப் பல்வலியால் வருந்துவோரின் பாதுகாவலியாகத் திருச்சபை போற்றுகிறது. பிப்ரவரி 9 அவரது திருநாள். அவர் ஏற்ற வேதனை விசுவாசத்திற்காக ஏற்றது. நீக்கக்கூடிய நோயை நீக்காமல் மௌனமாய்ச் சுமப்பதோ அத்தகையதன்று. அதனால் பல்தான் போகும்.

ஆகவே, அன்பர்களே, இக்கோடையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "குளிர்ந்த தண்ணீர் குடிக்க முடிகிறதா?" அவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். அண்மையில் அந்தச் சிற்றூருக்கு மீண்டும் சென்றிருந்தோம். பாட்டியம்மா திண்ணையில் அமர்ந்து, பெருங்காயம் மணக்கும் நீர்மோரை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.