நிலையம் மட்டும் ஊராகுமா?

புத்தூர் நிலாவரைக் கிணற்றின் ஆழத்தை வியக்கும் நாம், காங்கேசன்துறைக் கடைத்தெருவின் அழிவுக்கு வருந்துவதில்லை. 1902இல் புகைவண்டி கண்ட துறை அது. 1950இல் தோன்றிய சீமெந்துத் தொழிற்சாலையால் தழைத்த ஊர். 1990இல் போர் வண்டியை நிறுத்தியது, குடிகளையும் பெயர்த்தது. 2015இல் வண்டி மீண்டதும் ஊரும் மீண்டதென்பர் சிலர். நிலையம் மட்டும் ஊராகுமா?

காலியிலே கோட்டை மதில் மட்டுமன்று, மக்கள் வாழும் பழைய நகரும் சேர்ந்தே 1988இல் உலக மரபுரிமையாயிற்று. நமது துறைக்கு அந்நெறி ஏன் பொருந்தாது? இடிபாட்டில் காப்பதற்கு யாதுளது என வினவுவோர்க்குக் கூறுவேம்: சுவர் வீழினும் தெருவின் போக்கு எஞ்சும், அதனைப் பேணுக. வலிகாமம் வடக்கில் இன்னும் படையினர் வசமுள்ள காணிகளை உரியவர்க்கு அளித்திடுக. குடியற்ற மரபுரிமை வெறுங் கல்லறையே!