கைவிட வேண்டிய கருவி

சட்டம் அனுமதித்த ஒரு சிகிச்சையால் பெண்ணின் உயிருக்கு ஆபத்து நேருமானால், குறை சட்டத்தில் இல்லை. சிகிச்சை அளிக்கப்படும் விதத்தில்தான் இருக்கிறது.

1971-ல் இயற்றப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. 20 வாரங்கள் வரை ஒரு மருத்துவரின் கருத்தே போதும் என்றும், குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரங்கள் வரை அனுமதி உண்டு என்றும் ஆனது. இதில் மணமாகாத பெண்களை ஒதுக்க முடியாது என 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை விரிந்திருக்கிறது. பாதுகாப்பும் விரிந்திருக்கிறதா?

2015-ல் நாட்டில் 1.56 கோடி கருக்கலைப்புகள் நடந்ததாக 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் 14 சதவீதம், அதாவது சுமார் 22 லட்சம், அறுவை முறையில் நடந்தவை.

முதல் 12 வாரங்களுக்குள் பயிற்சி பெற்ற மருத்துவர் செய்யும்போது இதில் பெரும் சிக்கல்கள் அரிது. ஆனால் கருப்பையில் துளை விழுதல், கருப்பை வாய் கிழிதல், கடும் ரத்தப்போக்கு, திசு எஞ்சி நின்று நோய்த்தொற்று ஆகியவை நேரக்கூடும். கூரிய கருவியால் சுரண்டும் 'டி அண்ட் சி' முறையில் இந்த ஆபத்து கூடுதல். கருப்பையின் உட்சுவர்கள் ஒட்டிக்கொண்டு, பின்னாளில் கருத்தரிக்க இயலாமலும் போகலாம். எனவேதான் அதைக் கைவிட்டு, உறிஞ்சி எடுக்கும் முறைக்கு மாறுமாறு உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. ஆயினும் பழைய பழக்கம் முற்றிலும் ஒழிந்தபாடில்லை.

தடுக்கும் வழிகள் கடினமானவை அல்ல. கருவின் வாரத்தையும் கருப்பையின் நிலையையும் முன்கூட்டியே சரியாகக் கணிப்பது, தேவைப்படுவோருக்குக் கருப்பை வாயை மருந்தால் நெகிழச் செய்வது, நோய்த்தொற்றைத் தடுக்கும் மருந்தை முன்பே அளிப்பது, வெளியேற்றிய திசு முழுமையானதா எனப் பார்ப்பது, காய்ச்சலோ மிகுந்த ரத்தப்போக்கோ கண்டால் உடனே வருமாறு அறிவுறுத்தி அனுப்புவது ஆகியவை போதும்.

கையால் இயக்கும் உறிஞ்சு கருவிக்கு மின்சாரமே தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் இயக்கத் தெரிந்தவர் வேண்டுமே! கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான மகப்பேறு மருத்துவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் இல்லை என்பதை 2022-ல் மத்திய அரசின் புள்ளிவிவரமே ஒப்புக்கொண்டது.

பொது மருத்துவர்களுக்கும் பயிற்சி அளித்துச் சான்று வழங்கச் சட்ட விதிகளில் இடமுண்டு. அப்பயிற்சியை மாவட்டந்தோறும் விரைவுபடுத்துவதும், கருவியைத் தட்டுப்பாடின்றி வழங்குவதும், சிக்கல் நேர்ந்த ஒவ்வொரு நிகழ்வையும் ஆராய்வதும் மத்திய, மாநில அரசுகளின் கடமை. அருகில் பாதுகாப்பான சிகிச்சை கிடைக்காத பெண், போலி மருத்துவரின் வாசலைத்தான் தட்டுவாள். அந்த நிலைக்கு அவளைத் தள்ளிவிட்டு, சட்டம் இருப்பதாகப் பெருமை கொள்வதில் பொருளில்லை.