பெட்ரோல் வாடை ஓர் எச்சரிக்கை

பழைய கார் வைத்திருப்போர் பலர், "பழைய வண்டி என்றால் பெட்ரோல் வாடை வரத்தானே செய்யும்" என்று தமக்குத் தாமே சமாதானம் கூறிக்கொள்கின்றனர். இது தவறான எண்ணமாகும். பெட்ரோலில் கலந்துள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கவல்லது. அதன் ஆவியோ சிறு தீப்பொறியிலும் பற்றிக்கொள்ளும். அத்தகைய காரில்தான் நம் மனைவி மக்களை அமர்த்திச் செல்கிறோம்.

பெட்ரோல், சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் இயல்புடையது. வெயிலில் நிற்கும் காரின் டாங்கியில் இந்த ஆவி பெருகி, வெளியேற வழி தேடும். முற்காலக் கார்களில் அது நேரே காற்றில் கலந்தது. அதைத் தடுக்கும் அமைப்பு கலிபோர்னியாவில் 1970ஆம் ஆண்டு மாடல் கார்களுக்கும், அமெரிக்கா முழுவதும் 1971ஆம் ஆண்டு மாடல் கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் பிற நாடுகளுக்கும் பரவியது.

இதன் செயல்முறை எளிது. டாங்கியிலிருந்து எழும் ஆவி, ரப்பர் குழாய் வழியே 'கேனிஸ்டர்' எனப்படும் டப்பாவைச் சென்றடைகிறது. அதனுள் இருக்கும் கரி, ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எஞ்சின் ஓடும்போது ஒரு வால்வு திறக்க, எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடுகிறது. வீணாக வேண்டிய எரிபொருளும் இவ்வாறு பயன்படுகிறது.

பழைய காரில் முதலில் கவனிக்க வேண்டியது டாங்கியின் மூடி. அதன் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். அந்தக் காருக்கென அமைந்த மூடியையே வாங்குங்கள். அடுத்து, ரப்பர் குழாய்களைச் சோதியுங்கள். கீறல் விட்டவற்றையும் இறுகிப்போனவற்றையும் நீக்கி, பெட்ரோலுக்கென்றே தயாரிக்கப்பட்ட குழாயைப் பொருத்துங்கள். தண்ணீர்க் குழாய் பெட்ரோலில் ஊறி உப்பிப் பழுதாகிவிடும்.

பெட்ரோல் நிரப்பிய உடனே மட்டும் கார் கிளம்ப மறுக்கிறதா? வால்வு மூடாமல் நின்றுவிட்டதோ என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மூடியைத் திறக்கையில் காற்றுப் பலமாகச் சீறினால், காற்று வழி அடைபட்டிருக்கலாம்.

கேனிஸ்டர் கெடுவதற்கு நமது பழக்கமும் ஒரு காரணம். பெட்ரோல் பங்கில் குழாய் தானாக நின்ற பின்னும், கணக்கை முழு ரூபாயாக்குவதற்காக மேலும் சிறிது ஊற்றச் சொல்கிறோம். அவ்வாறு நிரம்பி வழியும் பெட்ரோல், கேனிஸ்டருக்குள் திரவமாகவே புகுந்து கரியை நனைத்துவிடும். நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது. பெரும்பாலும் டப்பாவையே மாற்ற நேரிடும். ஆகவே, குழாய் நின்றதும் 'போதும்' என்று சொல்லிவிடுங்கள்.

வாடை எங்கிருந்து வருகிறது என்று தீக்குச்சி கிழித்துத் தேடுவது பேராபத்து. பெட்ரோல் சொட்டுவதைக் கண்டால் காரைக் கிளப்பாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். பழுது நீங்கும்வரை வீட்டோடு ஒட்டிய மூடிய கொட்டகையில் காரை நிறுத்த வேண்டாம்.